உருவகம் தன்னையே உருவகித்தல்

ஒரு பொருளை மற்றொரு பொருளோடு ஒப்பிட்டுக் கூறுவது உவமை. அவ்வொப்புமை முதிர்ந்து இரண்டும் ஒன்றே எனக் கூறுவது உருவகம். 'மலரடி' என்னுங்கால் மலர் போன்ற அடி என விரிதலின் அஃது உவமைத்தொகை. 'அடிமலர்' என்னுங்கால் அடியாகிய மலர் என விரிதலின் அஃது உருவகம். இத்துணையும் நம் கல்லூரி மாணாக்கர் யாவரும் அறிந்ததே. ஆயின், 'உருவகம்' என்னும் அச்சொல் தானும் ஓர் உருவகமோ என்று வினவுவார் சிலரே.

இது வேடிக்கை வினா அன்று. மொழியைப் பற்றிப் பேசுதற்கு நமக்கு மொழியன்றி வேறு கருவி இல்லை. ஆதலின், மொழியின் இயல்பை விளக்கப் புகுந்தோர் எல்லாரும் உலகத்துப் பொருள்களிடமிருந்து பெயர்களைக் கடன் வாங்கியே விளக்கினர். கடன் வாங்கிய செய்தி நாளடைவில் மறக்கப்பட்டது. அதனை நினைவூட்டுவதும், நினைவிற் கொள்வதால் கற்பார்க்கும் கற்பிப்பார்க்கும் உளதாகும் பயனை ஆராய்வதும், இறுதியில் நம் ஊவா மலைத்தோட்டங்களில் வழங்கும் ஒரு சிறு சொல்லை இலக்கணத்தின் உரைகல்லில் உரைத்துப் பார்ப்பதும் இக்கட்டுரையின் நோக்கங்களாம்.

இலக்கணம் வாங்கிய கடன்

எழுத்துக்களைப் பகுத்த நம் முன்னோர், தாமே ஒலிக்க வல்லனவற்றை உயிர் என்றனர். உயிரின் துணையின்றி இயங்கமாட்டாதனவற்றை மெய், அஃதாவது உடம்பு, என்றனர். இரண்டும் கூடியதனை உயிர்மெய் என்றனர். ஒலியைப் பற்றிய செய்தி ஈண்டு உயிருள்ள உடம்பைப் பற்றிய செய்தியாக உருவகிக்கப்பட்டது. செய்யுளுக்குச் சென்றால், சீர்களைப் பிணிப்பது தளை; தளையாவது விலங்கு. சீர்கள் தொடர்ந்து நடப்பது அடி, அடியாவது பாதம். எதுகை மோனைகளாற் கோக்கப்படுவது தொடை, தொடையாவது மாலை. இவை யாவற்றையும் கட்டி நிறுத்துவது யாப்பு, யாப்பாவது கட்டுதல். இலக்கணப் புத்தகத்தைத் திறந்தவன் விலங்கையும் பாதத்தையும் மாலையையும் கயிற்றையும் கடந்தே செல்கின்றான். ஆயினும், தேர்வுக்கு மனனஞ் செய்பவன் அவற்றுள் ஒன்றையேனும் கண்ணாற் காண்பதில்லை.

ஈண்டு ஒரு நுட்பம் உண்டு. 'உயிர்' என்னும் பெயர் உலகத்திலிருந்து எழுத்துக்குச் சென்றது. திருவள்ளுவரோ உலகுக்கு இறைவன் முதலாதலை விளக்குதற்கு, எழுத்துக்களுக்கு முதலாகிய அகரத்தையே உவமையாக எடுத்தார். பதினான்காம் நூற்றாண்டினராகிய உமாபதி சிவாசாரியர், திருவருட்பயனின் தொடக்கத்தில், அகரமாகிய உயிர் ஏனை எழுத்துக்களில் நிறைந்து நிற்றல்போல இறைவன் எங்கும் நிறைந்து நிற்பன் என்று விளக்கினார். உலகத்திலிருந்து எழுத்துக்குப் போன பெயர், எழுத்தினின்றும் உலகுக்கும் உலகைக் கடந்த பொருளுக்கும் உவமையாகி மீண்டது. கடன் வட்டியோடு திரும்பியது எனலாம்.

தன்னையே காட்டும் சொல்

உருவகமன்றி, தன்னைத் தானே எடுத்துக்காட்டாகக் கொண்டு நிற்கும் சொற்களும் நம் இலக்கணத்தில் உள. அசை இருவகை: நேர், நிரை. நெடிலெழுத்து ஒற்றடுத்து வருவது நேரசையாகும். 'நேர்' என்னும் சொல்லே நெடிலும் ஒற்றுமாய் நின்று நேரசையாகின்றது. குறிலிணைந்தும் குறில்நெடில் இணைந்தும் வருவது நிரையசை. 'நிரை' என்னும் சொல்லே நிரையசையாகின்றது. தொல்காப்பியம் கூறும் நேர்பு, நிரைபு என்னும் அசைகளும் அவ்வாறே. அவ்வசைகளின் இறுதியில் வரவேண்டிய உகரம் அப்பெயர்களின் இறுதியிலேயே அமைந்துள்ளது. தேமா, புளிமா, கருவிளம், கூவிளம் என்னும் மரப் பெயர்களும் தத்தம் சீரின் இலக்கணத்தைத் தம்மிடத்தே கொண்டவை. பெயரை நினைந்தவன் விதியையும் நினைந்தவனாவான். பெயர் வேறு, எடுத்துக்காட்டு வேறு என நினைவிற் சுமக்க வேண்டுவதில்லை.

தன்னைத் தான் சுட்டும் சொற்களைப் பற்றி மேனாட்டு அளவைநூலாரும் ஆராய்ந்தனர். 1908ஆம் ஆண்டு ஜெர்மானிய அறிஞராகிய கூர்ட் கிரெல்லிங், லெயோனார்டு நெல்சன் என்பார் ஒரு முரணை வெளியிட்டனர். சில சொற்கள் தாம் கூறும் பண்பைத் தாமே உடையன; 'தமிழ்ச்சொல்' என்பது ஒரு தமிழ்ச்சொல். சில சொற்கள் உடையன அல்ல. 'கசப்பு' என்னும் சொல் கசப்பதில்லை. இவ்விரண்டாம் வகைக்குத் 'தற்பொருந்தாச் சொல்' எனப் பெயரிடுவோம். அப்பெயர் தனக்குத் தான் பொருந்துமா? பொருந்தும் என்றால் பொருந்தாது என்றாகும். பொருந்தாது என்றாலோ பொருந்தும் என்றாகும். தன்னைச் சுட்டும் சொல் அறிவுக்கு ஊன்றுகோலாவதும் உண்டு, சுழலாவதும் உண்டு என்பதற்கு இதுவே சான்று. நம் யாப்பிலக்கணத்தார் அதனை ஊன்றுகோலாகவே பயன்படுத்தினர்.

நூல் என்னும் பெயர்

உருவகம் தன்னைத் தான் சுட்டுதலுக்குத் தமிழில் தலைசிறந்த இடம் நன்னூற் பாயிரமாகும். பதின்மூன்றாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்ட, சமண முனிவராகிய பவணந்தியார் இயற்றியது நன்னூல். நல்லைநகர் ஆறுமுக நாவலர் (1822–1879) அதற்குக் காண்டிகையுரை கண்டதனால், ஈழத்துப் பள்ளிகளில் அது வழிவழியாகப் பயிலப்பட்டு வந்தது. அந்நூலின் பொதுப்பாயிரத்தில் 'நூல்' என்னும் பெயருக்குக் காரணங்கூறும் வெண்பாக்கள் இரண்டு அமைந்துள்ளன.

முதல் வெண்பா நூற்கும் நூலை நோக்கியது. சொல்லே பஞ்சு; செய்யுளே இழை; வல்ல புலவனே நூற்கும் பெண்; அவன் வாயே அவள் கை; அவன் அறிவே கதிர். இவ்வாறு உறுப்புக்கு உறுப்பு உருவகித்து, நூலானது நூற்கப்படும் முறைமையைக் காட்டுவது அது. இரண்டாவது வெண்பா தச்சன் கை நூலை நோக்கியது. மரத்திற் கோட்டம் இருப்பின், தச்சன் நூலிட்டு அதனைக் கண்டு நீக்குகின்றான். அவ்வாறே மாந்தர் மனக்கோட்டத்தை நீக்குவது நூலின் மாட்சி என்கின்றது. முன்னது நூல் எவ்வாறு பிறக்கின்றது என்பதற்கு விடை. பின்னது நூல் எதற்குப் பயன்படுகின்றது என்பதற்கு விடை. இரண்டு விடைகளையும் ஒரு பெயரின் உள்ளிருந்தே எடுத்தமை போற்றத்தக்கது.

இதன்கண் தற்சுட்டு எவ்வாறு அமைந்தது? நூலைப் பற்றிக் கூறும் இவ்வுருவகம் ஒரு நூலுள்ளேயே நிற்கின்றது. பஞ்சே சொல் என்று கூறும் வெண்பாவும் சொற்களால் நூற்கப்பட்டதே. விளக்கும் பொருளும் விளக்கப்படும் பொருளும் ஒன்றாயின. மேலும், அதே பாயிரம் சூத்திரங்கள் தொடரும் நிலைகளுக்கு ஆற்றின் ஒழுக்கையும், சிங்கத்தின் முன்பின் நோக்கையும், தவளையின் பாய்ச்சலையும், பருந்து வீழ்ந்து இரைகொள்ளுதலையும் உவமையாக்குகின்றது. தன் நடையைத் தானே வருணிக்கும் நூல் அது. உமா ஓயாவின் ஒழுக்கையும், வெலிமடைப் படிவயல்களில் தவளை பாய்தலையும், மலைமேல் வட்டமிடும் பருந்தின் வீழ்ச்சியையும் கண்ட நம் மாணாக்கர்க்கு இவற்றுள் மூன்று கண்முன்னே உள்ளன. சிங்கத்தின் நோக்கு ஒன்றனை மாத்திரமே ஆசிரியர் படத்தாற் காட்டுதல் வேண்டும்.

நூலை இழையாகக் கண்டவர் தமிழர் மாத்திரம் அல்லர். வடமொழியிற் 'சூத்திரம்' என்பதும் நூலிழையே. 'கிரந்தம்' என்பது கட்டுதல், முடிதல் என்னும் பொருளுடைய வினையிற் பிறந்தது. ஆங்கிலத்தில் மூலபாடத்தைக் குறிக்கும் 'டெக்ஸ்ட்' என்னும் சொல், நெய்தலைக் குறிக்கும் இலத்தீன் சொல்லின் வழியது. தமிழிற் 'பனுவல்' என்பதும் பஞ்சையும் நூலையும் ஒருங்கு குறிக்கும். ஆங்கிலத்தில் வரியைக் குறிக்கும் 'லைன்' என்பதோ, சணல் நாரை உணர்த்தும் இலத்தீன் சொல்லினின்றும் வந்தது. அதாவது அதுவும் நூலே. அந்த 'லைன்' என்னும் சொல்லே தோட்டத்து வரிசை வீடுகளுக்குப் பெயராகி, நம் மக்கள் வாயில் 'லயம்' ஆயிற்று. லயத்திலிருந்து வந்து நூலைக் கையில் எடுக்கும் சிறுவன், சொல்வரலாற்று நோக்கில், ஓர் இழையினின்றும் மற்றோர் இழைக்கே வருகின்றான்.

அணியா, உருவா, ஊர்தியா?

இனி, உருவகத்துக்கே இடப்பட்ட பெயர்களை நோக்குவோம். நம் நூலோர் உவமை, உருவகம் முதலியவற்றுக்குப் பொதுவாக வழங்கிய பெயர் 'அணி'. பன்னிரண்டாம் நூற்றாண்டினதாகக் கருதப்படும் தண்டியலங்காரம், வடமொழித் தண்டியாசிரியர் இயற்றிய காவியாதரிசத்தைத் தழுவி, முப்பத்தைந்து பொருளணிகளைக் கூறுகின்றது. அணியாவது ஆபரணம். ஆபரணத்தைப் பூணலாம், கழற்றவும் செய்யலாம், கழற்றினும் உடம்பு உடம்பே. ஆகவே, அணி என்னும் பெயரை மாத்திரம் கொண்டு சிந்திப்பவன், உருவகத்தை நீக்கினாலும் பொருள் குறையாது நிற்கும் என எண்ணக்கூடும்.

'உருவகம்' என்னும் பெயரோ வேறொன்றைக் கூறுகின்றது. உருவற்றதற்கு உருக் கொடுத்தல் என்பதே அதன் உட்கிடை. உருவைக் கழற்றினால் எஞ்சுவது யாது? உயிர், மெய் என்னும் பெயர்களைக் கழற்றிவிட்டு எழுத்தியலைக் கற்பிக்க முயல்வார்க்கு விடை விளங்கும். கிரேக்கர் வழங்கிய 'மெட்டஃபொரா' என்பது அப்பால் எடுத்துச் செல்லுதல் எனப் பொருள்படும். இற்றைநாட் கிரேக்க நாட்டில் சரக்குப் போக்குவரத்துக்கும் அதுவே பெயர். ஆதலின், அந்நாட்டுத் தெருக்களில் அச்சொல்லை எழுதிய சுமைவண்டிகள் ஓடுகின்றன. அரிஸ்டாட்டில் (கி.மு. 384–322) தம் கவிதையியலில், ஒரு பொருளின் பெயரை மற்றொன்றுக்கு மாற்றியிடுதலே அஃது என வரையறுத்தார். அவ்வரையறை, உருவகத்தைக் காட்டிலும் நம் ஆகுபெயரோடு நெருங்கி நிற்றல் கருதத்தக்கது. ஆகுபெயராவது, ஒன்றன் இயற்பெயர் அதனோடு இயைபுடைய பிறிதொன்றுக்கு ஆகி வருவது.

1936இல் ஐ. ஏ. ரிச்சர்ட்ஸ் என்னும் ஆங்கில அறிஞர், உருவகத்தின் இரு பகுதிகளுக்குப் பெயரிட்டபோது, ஒப்புமையாக வருவதனை 'ஊர்தி' என்றார். உருவகத்தை விளக்க அவருக்கும் ஓர் உருவகமே வேண்டியிருந்தது. நம் கோயில் திருவிழாவை நினைந்தால் அவர் கருத்து எளிதில் விளங்கும். எழுந்தருளும் மூர்த்தி ஒன்றே. வாகனம் நாளுக்கு நாள் வேறு. ஆயினும் மயில்மேற் கண்ட காட்சியும் தேரிற் கண்ட காட்சியும் ஒன்றல்ல. வாகனம் மூர்த்தியைச் சுமப்பதோடு நில்லாது காட்சியையும் மாற்றுகின்றது. அவ்வாறே உருவகத்தில் ஒப்புமைப் பொருள் சுமைகூலியாக வந்து போவதன்று. இரண்டும் கூடிய கூட்டத்திலேயே பொருள் பிறக்கின்றது.

1971இல் பிரெஞ்சுத் தத்துவ ஆசிரியராகிய ஜாக் டெரிடா இவ்வாராய்ச்சியை அதன் எல்லைக்குக் கொண்டு சென்றார். உருவகங்களையெல்லாம் ஒரு பட்டியலில் அடக்க முயல்வோமாயின், அப்பட்டியலை வகுப்பதற்குப் பயன்படும் உருவகம் ஒன்றேனும் பட்டியலுக்கு வெளியே எஞ்சும் என்பது அவர் வாதம். எவ்வளவு நீண்ட துலாக்கோலாயினும் தன்னைத் தான் நிறுக்கமாட்டாது என்பது போன்றது இது. உருவகமே கலவாத சொற்களால் உருவகத்தை முற்றும் விளக்கிவிடலாம் என்னும் நம்பிக்கையை அவர் அசைத்தார்.

இதனைக் கண்டு மலைக்க வேண்டுவதில்லை. தண்டியலங்காரம் கூறும் பதினைந்து உருவக வகைகளுள் 'உருவக உருவகம்' என்பதும் ஒன்று. ஒருமுறை உருவகித்ததனை மீட்டும் வேறொன்றாக உருவகித்தலே அது. தேயிலைச் சரிவைக் கடலாக்கி, அக்கடலையே வானமாக்கி, அவ்வானத்திற் கொழுந்துக் கூடைகளை நிலாக்களாக்கினால் அஃது உருவக உருவகமாம். உருவகத்தின்மேல் உருவகம் ஏறும் என்பதை நம்மவர் குற்றமாகக் கொள்ளாது, அதற்கும் ஓரிடம் வகுத்து வைத்தனர்.

குடமும் பசுவும்

இவ்வாராய்ச்சியால் ஆசிரியர்க்கு என்ன பயன்? 1979இல் மைக்கேல் ரெடி என்னும் அமெரிக்க மொழியியலாளர் ஒரு கட்டுரை வரைந்தார். ஆங்கிலத்தில் மொழியைப் பற்றிப் பேசும் தொடர்களைத் தொகுத்து நோக்கிய அவர், அவற்றுட் பல, சொல்லைப் பாத்திரமாகவும், கருத்தைப் பாத்திரத்துள் இட்ட பொருளாகவும், பேச்சைக் குழாய்வழி அனுப்புதலாகவும் உருவகிக்கின்றன என்று காட்டினார். மறுவருடம், 1980இல், ஜார்ஜ் லேக்கோஃப், மார்க் ஜான்சன் என்போர் நாம் நாள்தோறும் சிந்திக்கும் முறையே உருவகங்களால் ஆயது என்று நிறுவ முயன்றனர். நாமும் பாடத்தை மண்டையில் ஏற்றுகின்றோம். கருத்து உள்ளே இறங்கவில்லை என்கின்றோம். பரீட்சைத் தாளிற் கொட்டுகின்றோம். இவை யாவும் பாத்திர உருவகங்களே. பாத்திர உருவகத்தை உண்மையென நம்பிவிட்ட ஆசிரியர், தாம் ஊற்றியது மாணாக்கனிடம் இல்லையெனிற் குற்றம் பாத்திரத்தினதே என்று கூறிவிடுவர்.

நன்னூலார் இதனையும் அறிந்திருந்தார் போலும். கடை மாணாக்கனுக்கு அவர் கூறிய உவமைகளுள் ஒன்று ஓட்டைக் குடம். ஆயின், நல்லாசிரியர் அல்லாதார்க்கும் அவர் பாத்திரங்களையே உவமையாக்கினார். கழற்காய் இட்ட குடத்தில், இட்ட முறைக்கு மாறாகக் காய்கள் வெளிவரும். பஞ்சடைத்த குண்டிகையில் அடைத்தலும் அரிது, எடுத்தலும் அரிது. குடம் மாணாக்கனுக்கு மாத்திரம் உரியதன்று என்பது இதனாற் பெறப்படும். அன்றியும், தலைமாணாக்கனுக்கு அவர் குடத்தைக் கூறவில்லை. அன்னத்தையும் பசுவையும் கூறினார். அன்னம் நீரினின்றும் பாலைப் பிரிப்பது; பசு கண்ட புல்லை மேய்ந்து, பின் ஓரிடத்திருந்து அசைபோடுவது. இடைமாணாக்கனுக்குக் கூறிய நிலமோ, உழவன் முயற்சிக்கு ஏற்ப விளைவது. இவை பெற்றதனை அப்படியே வைத்திருப்பன அல்ல. பிரிப்பனவும், செரிப்பனவும், விளைப்பனவுமாம். கற்றல் என்பது எவ்வுருவகத்தால் நம் நெஞ்சில் நிற்கின்றதோ, அவ்வுருவகமே வகுப்பறையை ஆளும். ஆதலின் உருவகத்தைத் தேர்தல் ஆசிரியத் தொழிலின் ஒரு பகுதியாகும்.

'பேர்' என்னும் தோட்டச்சொல்

இனி, நம் மலைநாட்டுச் சொல்லுக்கு வருவோம். தோட்டங்களில் 'பேர்' என்பது ஒரு நாள் வேலையையும் அதற்குரிய கூலியையும் குறித்து வழங்கிவரும் சொல். குறித்த அளவு கொழுந்து நிறுவையில் வாராதபோது, அல்லது வேலை பாதிநாளில் நின்றபோது, கிடைப்பது 'அரைப்பேர்'. இது கல்வியில்லாதார் பேச்சு, இலக்கணத்துக்குப் புறம்பானது, என்று ஒதுக்குவாரும் உளர். இலக்கணமோ வேறு கூறுகின்றது.

'செக்ரோல்' எனப்படும் பதிவேட்டில் தொழிலாளியின் பெயர் நாள்தோறும் குறிக்கப்படும். முதலில், பெயராகிய சொல் ஏட்டிலுள்ள பதிவுக்கு ஆயிற்று, இது சொல்லாகுபெயர். பதிவு என்பது வேலை செய்ததனால் விளைந்த காரியம், காரியத்தின் பெயர் அதற்குக் காரணமாகிய நாள்வேலைக்கு ஆயிற்று, இது காரியவாகுபெயர். வேலையாகிய கருவியின் பெயர் அதனாற் பெறும் கூலிக்கு ஆயிற்று, இது கருவியாகுபெயர். கருமையை உணர்த்தும் 'கார்' என்பது மேகத்துக்கும், அம்மேகம் பொழியும் பருவத்துக்கும், அப்பருவத்து விளையும் நெல்லுக்கும் படிப்படியாக ஆவதனை மும்மடியாகுபெயர் என்பர். தோட்டத்துப் 'பேர்' அதற்குச் சற்றும் குறைந்ததன்று.

அவ்வளவில் நில்லாது, இஃது உருவகம் தன்னைச் சுட்டுதலின் உச்சியும் ஆகும். எவ்வாறெனின், ஆகுபெயரில் ஏனை இடங்களிலெல்லாம் ஏதோ ஒரு பொருளின் பெயர் பிறிதொன்றுக்கு ஆகின்றது. ஈண்டோ பிறிதொன்றுக்கு ஆவது 'பெயர்' என்னும் அப்பெயரேயாகும். ஆகுபெயர் என்னும் குறியீட்டின் பிற்பகுதியே ஆகுபெயராய் நடக்கின்றது. இலக்கண ஆசிரியர் எவரும் இத்துணைப் பொருத்தமான எடுத்துக்காட்டை இருந்து இயற்றியிருத்தல் அரிது. கொழுந்துக் கூடையைச் சுமந்தவர் வாயில் அது தானே பிறந்தது.

'பத்துப் பேர் வந்தனர்' என்று தமிழர் யாவரும் கூறுகின்றோம். அங்கே பெயரானது ஆளுக்கு ஆயிற்று. ஓர் ஆளைப் பெயராகவே எண்ணும் மொழி நம் மொழி. அங்ஙனமாயின் 'அரைப்பேர்' என்பதன் உட்பொருள் யாது? பெயரைப் பாதியாக்க இயலாது. ஆளையும் பாதியாக்க இயலாது. கூலியை மாத்திரமே பாதியாக்கலாம். மூன்றுக்கும் ஒரு சொல் வழங்குதலின், பாதியான கூலியோடு பாதியான ஆளும் செவியில் ஒலிக்கின்றான். சொல்லை வழங்குவோர் இதனை நினைந்து வழங்குவதில்லை. ஆயினும் மறந்த உருவகம் இறந்த உருவகம் அன்று.

இம்மக்களின் வரலாற்றை அறிந்தார்க்கு இச்சொல் மேலும் ஆழமாய் ஒலிக்கும். 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டத்தால் மலையகத் தமிழருட் பெரும்பாலோர் இந்நாட்டுக் குடிகள் என்னும் நிலையை இழந்தனர். 1964 அக்டோபரில் செய்யப்பெற்ற சிறிமா – சாஸ்திரி உடன்படிக்கை, 9,75,000 மக்கள் எனக் கணக்கிட்டு, அவருள் 5,25,000 பேர் இந்தியாவுக்கும் 3,00,000 பேர் இலங்கைக்கும் எனப் பங்கிட்டு, எஞ்சிய 1,50,000 பேரைப் பின்னைய முடிவுக்கு விட்டது. 1974இல் அவரும் செம்பாதியாகப் பங்கிடப்பட்டனர். இறுதியில் 2003ஆம் ஆண்டின் 35ஆம் இலக்கச் சட்டமே, குடியுரிமையின்றி நாட்டில் எஞ்சியிருந்த இந்திய வம்சாவளியினர்க்கு அவ்வுரிமையை வழங்கியது. தோட்டத்துச் செக்ரோலிற் பெயர் இருந்தும் நாட்டின் குடிப்பதிவேட்டிற் பெயரில்லாது பல்லாண்டு வாழ்ந்த மக்கள் அவர். 'பேர்' என்பது அவர்க்கு வெறும் இலக்கணச் சொல்லாக இருந்ததில்லை.

பெயர் இவ்வாறு ஆவதற்கு மகிழத்தக்க எடுத்துக்காட்டும் நம் மாவட்டத்திலேயே உண்டு. பதுளை மாவட்டத்திற் பிறந்து, தெளிவத்தைத் தோட்டத்தில் ஆசிரியராகப் பணியாற்றிய எழுத்தாளர் ஜோசப் (1934–2022), அத்தோட்டத்தின் பெயரையே தம் பெயரின் முன் வைத்துக்கொண்டார். இன்று இலக்கிய உலகில் 'தெளிவத்தை' என்ற அளவிலேயே அவரை உணர்வார் பலர்; இஃது இடவாகுபெயர். தோட்டம் மனிதனுக்கு அரைப்பேர் இட்ட காலம் ஒருபுறம். மனிதன் தோட்டத்துக்கு முழுப்பேர் தேடித் தந்த காலம் மறுபுறம்.

மாணாக்கர்க்கு ஒரு பயிற்சி

இதுகாறும் கூறியவற்றால் பெறப்படுவன மூன்று. ஒன்று, மொழியைப் பற்றிய நம் குறியீடுகள் பெரும்பாலும் உருவகங்களே. அவற்றின் மூலப்பொருளைக் கண்டால் இலக்கணம் மனனச் சுமையாகாது. இரண்டு, உருவகத்துக்கு நாம் இடும் பெயரே அதனை எவ்வாறு மதிக்கின்றோம் என்பதை முடிவு செய்யும்; அணி எனின் அது மிகை, உரு எனின் அது தேவை. மூன்று, இலக்கணம் ஏட்டில் மாத்திரம் இல்லை. வீட்டிலும், பெரட்டுக் களத்திலும், கொழுந்து நிறுக்கும் மடுவத்திலும் அது நடமாடுகின்றது.

ஆதலின், மாணாக்கர் ஒரு வார காலம் தத்தம் வீட்டார் பேச்சைச் செவியுற்று, ஆகுபெயராகவோ உருவகமாகவோ வழங்கும் சொற்கள் பத்தைத் தொகுத்து, ஒவ்வொன்றும் எதிலிருந்து எதற்கு ஆயிற்று என எழுதிப் பழகுவாராக. நன்னூல் வகுத்த ஆகுபெயர் வகைகளுள் அது எதன்பாற் படும் எனவும் குறிப்பாராக. பாட்டிமாரிடம் கேட்டால் ஒரு சொல்லுக்கு நான்கு சொல் கிடைக்கும். தம் வீட்டுச் சொல் இலக்கணமுடையது என்று கண்ட மாணாக்கன், அச்சொல்லைப் பிறர்முன் கூற நாணமாட்டான். அதனைக் கூறியவரையும் தாழ்வாக எண்ணமாட்டான். இதனினும் பெரிய பயனைத் தமிழ்ப்பாடத்தினின்றும் எதிர்பார்த்தல் வேண்டா.

பழைய மாணாக்கர்க்கும் ஒரு சொல். உங்கள் கையிலிருக்கும் இவ்வெளியீட்டை 'மலர்' என்கின்றோம்; இதனைப் போன்றவற்றை 'இதழ்' என்கின்றோம். வெண்பாவின் ஈற்றுச் சீருக்குரிய வாய்பாடுகளுள்ளும் 'மலர்' ஒன்று. நன்னூலாரோ நல்லாசிரியனுக்கு நிலத்தையும் மலையையும் துலாக்கோலையும் கூறியபின் மலரையும் உவமையாகக் கூறினார். ஒரு மலருள் எத்துணை மலர்கள்! இம்மலரின் ஏடுகளில் உங்கள் பெயர்கள் முழுப்பெயர்களாகவே அச்சேறுகின்றன. அப்பெயர்கள் நற்பெயர்களாகவும் ஆகுக.